மஸூர் கழுவிய பானை

ரெக்ஸ்டேல்
18 ஜனவரி 2025

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்க இந்தக் கடிதம் எழுதவில்லை. நீங்கள் சுகமாக இருப்பது தெரியும். தைப்பொங்கலுக்கு உங்கள் மகன் பிரவீனன் போட்ட படத்தில் அவனுக்கும் மருமகளுக்கும் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

போன் எடுத்திருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. கடிதம் என்றால் எழுதியதை வெட்டலாம். இதற்கு முன் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மார்ச் முதலாம் திகதி சனிக்கிழமை நோன்பு தொடங்கும் என்று சொல்கிறார்கள். நோன்பின் முதல் சனிக்கிழமை இந்த வீட்டில் கூழ்க்கஞ்சியோடு நோன்பு திறப்பது மகள் நஸ்லீம் பிறந்த வருடம் தொடங்கிய வழக்கம். அவளுடைய வாப்பா மௌத்தான பிறகு இரண்டு வருடமாக அது இல்லை. நான் சூப் பக்கற்றைக் கரைத்து வைத்துச் சமாளித்தேன். இந்த முறை அவள், "உம்மா, வாப்பாட கஞ்சி இல்லாமல் எனக்கு நோன்பு மாதிரியே இல்லை" என்கிறாள். இருபத்தாறு வயதுப் பிள்ளை, கண் கலங்கிப்போய்ச் சொன்னாள். உங்கள் மருமகள் நஸ்லீம் கேட்டாள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அத்தனை வருடமும் நீங்களே காய்ச்சிப் பானையோடு கொண்டு வந்தீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. அதனால் முறையை எழுதி அனுப்புங்கள். ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

நீங்கள் கொண்டு வர வேண்டாம். வரவும் வேண்டாம். முறை மட்டும் போதும்.

ஸபீரா

----

றிச்மண்ட் ஹில்
25 ஜனவரி 2025

என் தங்கை மலருக்கு,

கவரில் உன் எழுத்தைக் கண்டதும் சிவானியிடம் கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னேன். மருமகள் மேலே போய்த் தேடிக்கொண்டு வருவதற்குள் கண்ணாடி இல்லாமலே வாசித்து முடித்துவிட்டேன். "அண்ணைக்கு" என்று எழுதியிருந்தாய். அது காணும் எனக்கு. நீ மஸூரைக் கட்டி ஸபீரா ஆகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. எனக்கு மலர் என்றுதான் வாயில் வருகிறது. கோபிக்காதே.

நஸ்லீமுக்கு ஒரு விஷயம் சொல். இந்தக் கஞ்சியை எங்கள் அம்மாவும் வைத்ததில்லை, மஸூரின் உம்மாவும் வைத்ததில்லை. இது இங்கே ரொறொன்ரோவில், வெக்ஸ்போர்ட்டில் பிறந்தது. நீ கனடா வருவதற்கு முன்னால், நானும் அவனும் ஒரே றெஸ்ரோரண்டில் வேலை செய்து, ஒரே அறையில் படுத்து எழும்பிய காலம். நான் வெங்காயம் வெட்டினேன், அவன் சட்டி பானை கழுவினான். அவனுக்கு நோன்பு வந்தது. அவனுக்கு அவர்களுடைய நோன்புக் கஞ்சி வேண்டும். எனக்குச் சளி, தடிமன், பனங்கிழங்கு ஒடியல் கூழ் குடித்தால்தான் மாறும் என்ற எண்ணம். இருந்தது ஒரு அடுப்பு, ஒரு பானை. யார் முதலில் சமைப்பது என்று சண்டை பிடித்து, கடைசியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சினோம். வாயில் வைக்க முடியாது என்றுதான் இருவரும் நினைத்தோம். பானையை வழித்துச் சாப்பிட்டோம்.

இனி முறை. கவனமாகக் கேள்.

ஒடியல் மா அரைக் கிலோ. நிறையத் தண்ணீரில் கரைத்து வை. மா அடியில் படியும், கசப்பும் கயர்ப்பும் மேலே தண்ணீரோடு நிற்கும். அந்தத் தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விடு. மூன்று தரம் செய். அவசரப்பட்டால் கூழ் கயர்க்கும்.

பச்சையரிசி ஒரு சுண்டு, வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி. வெறும் சட்டியில் மணம் வரும் வரைக்கும் வறுத்து எடு. உள்ளி ஒரு முழுப் பூடு, இஞ்சி, றம்பை இலை, மஞ்சள் எல்லாம் எலும்போடு சேர்த்து அவிய விட்டு, அரிசியைப் போடு. இது மஸூரின் பக்கம். அரிசி கரைந்த பிறகு எங்கள் பக்கம்: பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை. பலாக்கொட்டை இப்போது குளிர்ப்பெட்டியில் உரித்தே வருகிறது, பயப்படாதே. செத்தல் மிளகாயை அம்மியில் அரைத்த மாதிரி மையாக அரைத்துக் கரை. பழப்புளி கரைத்து விடு. பிறகு ஒடியல் மாவை விட்டு, கை எடுக்காமல் துழாவு. கட்டி பட்டால் என்னைத் திட்டு. இறக்குவதற்கு முன் தேங்காய்ப்பாலும் முருங்கை இலையும். அவ்வளவுதான்.

எலும்பு ஆட்டெலும்பு. நீ வழக்கமாக வாங்கும் ஹலால் கடையிலேயே வாங்கு. அதில் எழுத ஒன்றும் இல்லை.

சிவானிக்கு ஒடியல் மணம் பிடிக்காது. அதனால் நான் இப்போது கராஜில் காஸ் அடுப்பு வைத்துத்தான் சமைக்கிறேன். பெரிய பானையும் அங்கேதான், கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

மஸூரின் கடைசி நேரம் நான் வராதது உனக்கு மனத்தாங்கல் என்று தெரியும். எனக்கு அப்போது கடும் காய்ச்சல். உனக்கும் தெரியும்தானே.

அன்பு அண்ணை,
ஜெயரட்ணம்

----

ரெக்ஸ்டேல்
8 பெப்ரவரி 2025

அண்ணைக்கு,

போன சனிக்கிழமை சமைத்துப் பார்த்தேன். முதல் தரம் தெளிந்த தண்ணீரை வைத்துக்கொண்டு அடியில் இருந்த மாவைச் சிங்கில் ஊற்றிவிட்டேன். நீங்கள் எழுதியது சரிதான், பிழை என்னுடையது. போனில் நஸ்லீமோடு கதைத்துக்கொண்டு செய்தேன். குழாய் அடைத்து, ஆள் வந்து திறந்துவிட்டுப் போனான். இரண்டாம் தரம் கணக்காக வந்தது. கட்டி படவில்லை, கயர்க்கவில்லை.

நஸ்லீம் ஒரு கோப்பை குடித்தாள். "நல்லாத்தான் இருக்கு உம்மா. ஆனா வாப்பா எல்லாருக்கும் முன்னால புகழ்ந்தாரே ஒரு வருசம், அது மாதிரி இல்லை" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. 2019 இல் நீங்கள் கொண்டு வந்த கஞ்சி. அதில் ஒரு கனம் இருந்தது, நாக்கில் நின்றது. இதில் அது இல்லை. முறை முழுதாக எழுதுங்கள் என்றேன். எதையோ விட்டுவிட்டீர்கள். மூன்று பக்கம் எழுதி, எலும்புக்கு மட்டும் இரண்டு வரி எழுதினால் எனக்குத் தெரியாதா? உங்களோடு கூடப் பிறந்தவள் நான். தொழில் இரகசியம் என்று மண்டைக்குள் வைத்துக்கொண்டு போகப்போகிறீர்களா?

நிற்க. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதாமல் விட முடியவில்லை.

உங்களுக்குக் காய்ச்சல் இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தச் சனிக்கிழமை, நோன்பின் முதல் சனிக்கிழமை, நீங்கள் கோவிலில் நின்றீர்கள். பிரவீனன் கள்ளம் தெரியாத பிள்ளை, ஜனாஸா அடக்கத்துக்கு வந்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டான். அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தியபோது நீங்கள் நிறுத்தவில்லை. சொந்தக்காரர் எல்லோரும் காறித் துப்பியபோது, நீங்கள் ஒருவர்தான் பானையைத் தூக்கிக்கொண்டு இந்தப் படி ஏறினீர்கள். அப்படிப்பட்ட நீங்கள், உங்கள் மச்சான், உங்கள் சிநேகிதன், வாய் திறந்து ஒரு கோப்பைக் கஞ்சி கேட்டபோது பொய் சொல்லிவிட்டுக் கோவிலுக்குப் போனீர்கள். மூன்று நாள் அவர் அறை வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். யாராவது கடந்து போனால், "மச்சானோ?" என்று கேட்பார். நான் இல்லை என்பேன். செவ்வாய்க்கிழமை முடிந்துவிட்டது.

ஏன் என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு அது தெரியாமல் நித்திரை இல்லை.

ஸபீரா

----

றிச்மண்ட் ஹில்
14 பெப்ரவரி 2025

மலருக்கு,

வெளியே பனி முழங்கால் அளவுக்குக் கொட்டியிருக்கிறது. பிரவீனன் வழித்துக்கொண்டிருக்கிறான். நான் உதவிக்குப் போகாமல் கீழே பேஸ்மென்றில் இருந்து இதை எழுதுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து இத்தனை வருடம் வைத்திருந்தேன். இனி ஏலாது. வாசித்த பிறகு நீ என்னை அண்ணை என்று கூப்பிடுவாயோ தெரியாது. அதற்குப் பயந்துதான் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை.

உங்கள் கல்யாணத்தன்று மஸூர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "மச்சான், நீங்க என்ன சமைச்சுக் கொண்டு வந்தாலும் நான் கேள்வி கேக்காமல் சாப்பிடுவன். எலும்பும் இறைச்சியும் மட்டும் எங்கட கடையில வாங்குங்கோ." 1990 இல் யாழ்ப்பாணத்தில் அவனுடைய முஸ்லிம் சனம் முழுவதையும் இரண்டு மணித்தியாலத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடச் சொன்னது எங்கள் ஆட்கள். அப்படி வெளிக்கிட்டு வந்தவன், ஒரு தமிழன் வைத்த பானையில் கேள்வி கேட்காமல் சாப்பிடுவேன் என்றான். நானும் ஓம் என்றேன். 2018 வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன்.

2019 இல் முதல் சனிக்கிழமை எனக்கு மத்தியானம் வரை வேலை. முடிந்து ஹலால் கடைக்குப் போனால் எலும்பு ஒன்றும் இல்லை, எல்லாம் விற்று முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு கடை தேடியிருக்கலாம். தேடவில்லை. திரும்பி அந்தப் பழைய றெஸ்ரோரண்ட் கிச்சினுக்கே போனேன். அங்கே குளிரறையில் நான் முதல் நாள் காய்ச்சிய எலும்புச் சாறு இருந்தது. செஃபிடம் கேட்டேன், ஒரு வாளி கொண்டு போ என்றான்.

அந்தச் சாறு எப்படிக் காய்ச்சுவது என்றும் சொல்கிறேன். நீ கேட்ட முறையில் விடுபட்டது இதுதான். ஆட்டெலும்பை அவண் அடுப்பில் கறுக்க வறுக்க வேண்டும். தட்டில் ஒட்டிப் பிடித்ததைச் சிவப்பு வைன் ஊற்றிச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். வெள்ளைக்காரர் போடுகிற காய்ந்த இலைகளும் போட்டு ஒரு பகல் முழுக்கக் காய்ச்ச வேண்டும். எலும்பு ஹலால் இல்லை. வைன் இருக்கிறது. இரண்டும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத என் கை வராது. கொதித்தால் வைன் ஆவியாகிப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எலும்பு எங்கே போகும்?

ஏன் செய்தேன்? கடையில் எலும்பு முடிந்தது ஒரு சாட்டு. இருபத்தெட்டு வருடம் அந்தக் கிச்சினில் நின்றேன் மலர். சாப்பிட்டவர்கள் கூப்பிட்டுப் பாராட்டுவது செஃபை. அந்தச் சாறு மட்டும் முழுக்க என் கை. அதை என் ஆட்கள் ஒரு நாள் குடித்துப் பார்க்க வேண்டும், குடித்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்க வேண்டும். இந்த ஆசை கன நாளாக எனக்குள் கிடந்தது. ஆசை என்ன ஆசை, பெருமை.

கேட்டேன். மஸூர் இரண்டு கோப்பை குடித்துவிட்டு முப்பது பேருக்கு முன்னால் சொன்னான்: "எங்கட மச்சான்ர கையை இந்த ரொறொன்ரோவில ஆரும் வெல்லேலாது." எனக்குத் தலை கால் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. அடுத்த வருடம் செய்ய மாட்டேன் என்று நினைத்தேன்.

செய்தேன். கொரோனா வந்து றெஸ்ரோரண்டைப் பூட்டியபோது குளிரறையில் இருந்ததையெல்லாம் வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இறைச்சியும் வெண்ணெயும் எடுத்தார்கள், நான் சாறு எடுத்தேன். பானையை உங்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மஸூர் போன் எடுத்தான். "பானை வந்துது மச்சான். உங்கட மனசுக்கு அல்லாஹ் கூலி தருவான்." அதைக் கேட்டுக்கொண்டு வாய் மூடி இருந்தேன். 2021 இலும் அப்படியே செய்தேன். அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டேன். 2022 இல் ஹலால் கடை எலும்பில் காய்ச்சினேன். திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. சாறு கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் நீ ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்தாய். நீ சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "அண்ணை, அவர் கஞ்சி கேக்கிறார். நல்ல எலும்பாப் போட்டு, 2019 இல வச்சீங்களே, அது மாதிரியே வச்சுக் கொண்டு வாங்கோ."

அது மாதிரியே. சாகக் கிடப்பவனுக்கு நான் அந்தக் கஞ்சியைக் கொண்டு வரவா? ஒழுங்காகக் காய்ச்சிக் கொண்டு வந்தால், "இது அந்த ருசி இல்லையே மச்சான்" என்று அவன் கேட்பான். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் என்ன சொல்வது? காய்ச்சல் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை கோவிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். அறுபத்தைந்து வயதுக் கிழவன் தோப்புக்கரணம் போடுவதைச் சின்னப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். பிள்ளையாரிடமா நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்? ஞாயிறு வருவேன் என்று நினைத்தேன், பிறகு திங்கள் என்று நினைத்தேன்.

ஜனாஸா அன்று பள்ளிவாசலுக்கு வந்து கார் தரிப்பிடத்தின் கடைசியில் நின்றேன். உள்ளே வர எனக்கு முகம் இல்லை.

இதுதான் மலர், அந்த முறை.

ஜெயரட்ணம்

----

றிச்மண்ட் ஹில்
21 பெப்ரவரி 2025

மலர்,

ஒரு வாரமாகத் தபால் பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தரம் திறந்து பார்க்கிறேன். தபால்காரி என்னைக் கண்டால் தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள்.

பதில் எழுத வேண்டாம். ஒன்றுதான் கேட்கிறேன். நஸ்லீமுக்குச் சொல்வதென்றால், பிழை மாமாவுடையது, வாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். அவன் பாவம். என்னை நம்பித்தான் சாப்பிட்டான்.

ஜெயரட்ணம்

----

ரெக்ஸ்டேல்
24 பெப்ரவரி 2025

அண்ணை,

முதல் மூன்று நாள் உங்கள் கடிதத்தைக் கண்ணில் காணவே பிடிக்கவில்லை. அரிசி வாளிக்குள் வைத்து மூடினேன். முப்பது பேர் அண்ணை. ஸபீரா வீட்டுக் கஞ்சி என்று வாயார வாழ்த்திவிட்டுப் போன முப்பது பேர், பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து குடித்த கஞ்சி அது. என்னைச் சேர்த்துக்கொள்ள இவர்களுக்குப் பத்து வருடம் பிடித்தது. தமிழ்ப் பெட்டை, இவளுக்கு என்ன தெரியும் என்று கதைத்தவர்கள்தான் அன்று கோப்பை நீட்டி இன்னொரு அகப்பை கேட்டார்கள். யாருடைய கதை என்று சொல்லாமல் மௌலவியிடம் கேட்டேன். அறியாமல் சாப்பிட்டவர்களுக்குக் குற்றம் இல்லை, அறிந்து கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டும் என்றார். நீங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். என் கோபம் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்.

ஆனால் நாலாம் நாள் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். வருடம் வருடமாக நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அடுத்து வந்த கடிதத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணை, அவருக்குத் தெரியும். உங்கள் கடிதம் வரும் வரை எனக்குத்தான் தெரியாது.

அந்தப் பானையை எப்போதும் அவர்தான் கழுவுவார். "இந்த நாட்டில நான் முதல் படிச்ச தொழில் இதுதான்" என்று பகிடி விட்டுக்கொண்டு கழுவுவார், என்னைத் தொட விடமாட்டார். 2019 இல் மறுநாள் காலையும் கழுவினார். கழுவிக்கொண்டிருந்தவர் பானைக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை நகத்தால் கிளப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். பிறகு அந்தப் பானையை இன்னும் இரண்டு தரம் கழுவினார். நோன்புக் களைப்பில் மறந்துபோய்த் திரும்பக் கழுவுகிறார் என்று நான் நினைத்தேன். உங்கள் கிச்சினில் நாலு வருடம் அந்தச் சாற்றுப் பானைகளைத் தேய்த்தவருக்கா அந்த மணம் தெரியாது?

2020 இல் நீங்கள் வாசலில் பானையை வைத்துவிட்டுக் காருக்குள் இருந்து கை காட்டிவிட்டுப் போனீர்கள். அவர் மூடியைத் திறந்தார். குனிந்து மணந்தார். "வெயிலில புளிச்சுப்போச்சு" என்று சொல்லி முழுவதையும் ஊற்றிவிட்டார். ஏப்ரல் மாதம், நான் சுவெற்றர் போட்டுக்கொண்டு நிற்கிறேன், என்ன வெயில்? எனக்கு அப்போது உறைக்கவில்லை. "மச்சானுக்குச் சொல்லாத, பாடுபட்டு வச்சது, மனம் நோகும்" என்றார். நாங்கள் பேரீச்சம்பழமும் பாணும் சாப்பிட்டோம். அடுத்த வருடமும் அதே கதைதான். அந்த இரண்டு வருடமும் உங்கள் கஞ்சியில் ஒரு துளி இந்த வீட்டில் ஒருவர் வாயிலும் படவில்லை. போனில் அவர் உங்களுக்குச் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், திரும்ப வாசித்துப் பாருங்கள். கஞ்சி நன்றாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை. பானை வந்தது என்றார். உங்களுக்குப் பொய் சொல்லக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்லியிருக்கிறார்; வெயில் கதை எனக்கு மட்டும்தான்.

2022 இல் மணந்து பார்த்துவிட்டு மூன்று கோப்பை குடித்தார். கழுவிய பானைக்குள் பேரீச்சம்பழப் பெட்டி இரண்டை வைத்து உங்கள் காரில் ஏற்றிவிட்டு உள்ளே வந்து, "ஸபீரா, மச்சான் திரும்பி வந்திட்டார்" என்றார். நீங்கள் எங்கேயாவது பயணம் போய் வந்தீர்களாக்கும் என்று நான் நினைத்தேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். உங்களைத் திட்ட எனக்கிருந்த வாய் இதற்கு வருகுதில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கஞ்சி கேட்டது உண்மை. ஆனால் நான் உங்களுக்குச் சொன்னது அவர் சொன்னது இல்லை. அவர் சொன்னார்: "மச்சானைக் கஞ்சி கொண்டு வரச் சொல்லு. எலும்பு வேண்டாமெண்டு சொல்லு. வெறுங்கஞ்சி போதும். அவருக்கு விளங்கும்." நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து உங்களுக்குப் போன் எடுத்தேன். போகப்போகிற மனிதனுக்கு வெறுங்கஞ்சியா என்று எனக்கு மனம் கேட்கவில்லை. எவ்வளவோ சாப்பாட்டை வெறுத்துக் கிடந்தவர், இதையாவது ருசியாக இரண்டு வாய் குடிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் எப்போதும் எனக்குக் கஷ்டம் தரக் கூடாது என்று குறைத்துக் கேட்கிறவர், இதையும் அப்படித்தான் குறைத்துக் கேட்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். நல்ல எலும்பாகப் போடுங்கோ, 2019 இல் வைத்த மாதிரி வையுங்கோ என்று நானாகச் சேர்த்தேன். அந்த வருடத்தை அவர் வாயால் சொல்லவே இல்லை அண்ணை. நான் சொன்னேன்.

வயிறு ஏற்காது என்று எலும்பு வேண்டாம் என்றாரோ, உங்களுக்காகச் சொன்னாரோ, இனி யாரிடம் போய்க் கேட்பது? ஆனால் அவருக்கு விளங்கும் என்று ஏன் சொன்னார்? வயிற்று நோயை விளங்கிக்கொள்ள என்ன இருக்கிறது? அந்தச் சொல்லை நான் உங்களிடம் சேர்க்காமல் தின்றுவிட்டேன். சேர்த்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள். எப்படியும் வந்திருப்பீர்கள். மூன்று நாள் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து உங்களைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். அவர் ஒரு தரம், "நீ மச்சானுக்கு நான் சொன்னபடி சொன்னனியா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அந்த ஓம் என்னை இந்தச் சில நாளாக வேலை செய்யவும் விடவில்லை, தொழவும் விடவில்லை.

உங்கள் பிழை பெரிது. அதை நான் சின்னதாக்க மாட்டேன். என் பிழை எவ்வளவு பெரிது என்று இன்னும் அளந்து முடியவில்லை. நஸ்லீமுக்கு இரண்டையும் சொல்லிவிட்டேன். "மாமாக்கு எழுதினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்குப் பிறகு நோன்பு திறப்போம். வேறு ஒருவரையும் கூப்பிடவில்லை. கராஜில் கவிழ்த்து வைத்திருக்கும் பானையை நிமிர்த்துங்கள். இரண்டு வருடம் பிந்திவிட்டது, ஆனாலும் அவர் சொல்லிவிட்டதை இந்த முறை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

மச்சானைக் கஞ்சி கொண்டு வரட்டாம். எலும்பு வேண்டாமாம். வெறுங்கஞ்சி போதுமாம். உங்களுக்கு விளங்குமாம்.

தங்கச்சி